சயாமா வீட்டுக் காற்று

அளவு நாடாவில் எண் இருந்தது. கண்ணுக்கும் தெரிந்தது. அது என்ன எண் என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டு, ஒரு வீட்டுச் சமையலறையின் ஃபால்ஸ் சீலிங்குக்குள் தலையையும் வலது கையையும் விட்டிருந்தேன். டார்ச் வெளிச்சத்தில் மஞ்சள் நாடா பளிச்சென்று கிடந்தது. பதினான்கு என்று படித்தேன். சொல்ல வாயெடுப்பதற்குள் அது நழுவிவிட்டது. மறுபடி பார்த்தேன். இப்போது நாற்பத்தொன்று மாதிரி இருந்தது. ஒரு காற்றுக் குழாயின் வாய் நாற்பத்தொரு அங்குலம் இருக்குமா? இருக்கலாம் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது.

"என்ன ஸ்டெல்லா, எவ்வளவு?" என்று கீழேயிருந்து கேட்டார் தாஸ், என் கணவர்.

"இருங்கண்ணா, பாக்குறேன்" என்றேன்.

குனிந்து பார்த்தேன். கையில் பென்சிலோடு அவர் என்னையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை நான் அண்ணா என்று கூப்பிட்டதில்லை. சொன்னது தப்பு என்று புரிந்தது. சரியானது எது என்றுதான் நாக்குக்கு வரவில்லை. அதை நினைத்துச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். நெற்றி விண்விண்ணென்று வலித்தது. வலிக்கும்போதும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வெயில் சாயும் நேரம். கரண்ட் போயிருந்தது. கீழே எங்கோ ஒரு ஜெனரேட்டர் டபடபவென்று ஓடிக்கொண்டிருந்தது. இந்த யாங்கோனில் அதையெல்லாம் யாரும் சத்தமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

அந்த ஏணியில் நான் ஏன் ஏறினேன் என்பதைச் சொல்லிவிட்டு மறுபடி இங்கே வருகிறேன்.

கழுத்துப்பட்டை

போன வாரம் இங்கே என் தையல் மிஷினைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "துணி தைத்துக்கொண்டிருந்தவள் ஏசி வேலைக்கு எப்படிப் போனாய்?" என்று ஒரு தோழி கேட்டாள்.

ஏசி எந்திரம் ஓடும்போது நடுங்கும். காற்றைக் கொண்டுபோகிற தகர டக்டை அதனோடு நேராக முடுக்கினால் அந்த நடுக்கம் வீடு முழுக்கப் பரவும். அதனால் இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் அகலத்துக்குக் கெட்டிக் கேன்வாஸ் துணியில் ஒரு கழுத்துப்பட்டை வைப்பார்கள். தாஸ் தகரத்தை வெட்டி மடித்து டக்ட் செய்கிறவர். கழுத்துப்பட்டையை நான் தைத்துக் கொடுத்தேன். அளவு பொருந்தவில்லை என்று அவர் குறை சொன்னார். நானே வந்து அளக்கிறேன் என்று கிளம்பினேன். அப்படியே அந்த வேலையில் ஒட்டிக்கொண்டேன்.

என் அப்பா துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். மிஷன் பள்ளியில் படித்த மகள் ஏதாவது மேஜைக்குப் பின்னால் உட்காருவாள் என்று நினைத்திருந்தார். நான் ஏணி ஏறுகிறேன் என்று கேள்விப்பட்டதும், "செருப்பைக் கழட்டிட்டு ஏறு, வழுக்கிடும்" என்றார். ஆசீர்வாதமா வருத்தமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அளப்பதோடு ஃபில்டர் கழுவுவதும் என் பொறுப்பாயிற்று. காற்று வீட்டுக்குள் வரும் வழியில் தூசியைப் பிடிக்கிற சல்லடை அது. இன்சீனில் ஒரு வீட்டு ஃபில்டரில் பழுப்பு நாய் முடி கம்பளி மாதிரி படிந்திருக்கும். மிங்கலாடோனில் ஒரு வீட்டில் செம்மண். இன்னொரு வீட்டில் பெண்கள் அதிகம், கன்னத்தில் பூசிக் காய்ந்த தனாக்காவின் பொடி சந்தன நிறத்தில் வரும். சாமி அறைப் பக்கம் என்றால் ஊதுவத்திச் சாம்பல். ஃபில்டரைப் பார்த்தால் வீட்டைச் சொல்லிவிடுவேன் என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வேன்.

சரோஜா சயாமாவின் வீட்டு ஃபில்டர் அந்தப் பெருமையைக் கெடுத்தது.

ஜன்னல் இல்லாத அறை

இங்கே ஆசிரியையைச் சயாமா என்று கூப்பிடுவோம். சரோஜா சயாமாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. பெரிய மூக்குக் கண்ணாடி. வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுப்பவர். அவரிடம் படித்தால் கணக்கில் தேறிவிடலாம் என்று பர்மியக் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் வரிசையில் நிற்கும். அவர் கணவர் வேலு அண்ணன் வாடகைக் கார் ஓட்டுகிறார். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்.

வீடு நகரத்துக்குள், ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில். இந்த ஊர்ப் பழைய வீடுகள் எல்லாமே ரயில் பெட்டி மாதிரி நீளமானவை. முன்பக்கம் தெருவைப் பார்த்து ஒரு பால்கனி. பின்பக்கம் குறுகலான சந்துப் பக்கம் சமையலறை. நடுவில் இருக்கிற அறைக்கு ஜன்னலே கிடையாது. அந்த நடு அறையில்தான் டியூஷன்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் எங்களைக் கூப்பிட்டார்கள். நடு அறைக்கு ஏசி வேண்டும், புதுக் காற்றும் வேண்டும். தெருப்பக்கம் தூசியும் ஹாரன் சத்தமும் அதிகம், பின்பக்கத்திலிருந்து காற்றை எடுங்கள் என்றார் வேலு அண்ணன். பின் சந்தில் சாக்கடை, குப்பை, எல்லா வீட்டுச் சமையல் வாடையும் இருந்தது.

"காத்து வேணும். வாசனை வேணாம்" என்றார் சயாமா.

தாஸ் யோசித்து, பின்சுவரில் ஓட்டை போட்டு, சமையலறைக் கூரைக்குள் டக்டை ஓட்டி, நடு அறையில் கொண்டுபோய் விட்டார். வழியில் ஒரு பெட்டி செய்து அதற்குள் இரண்டு ஃபில்டர் வைத்தார். முதலில் தூசிக்கு வெள்ளைத் துணி ஃபில்டர். அதற்குப் பின்னால் வாசனைக்குக் கறுப்பான கரி ஃபில்டர். காற்றை இழுக்க ஒரு சின்ன விசிறி. கரண்ட் போனாலும் பேட்டரியில் அது ஓடும்.

வேலை முடிந்ததும் சயாமா எங்களைப் போகவிடவில்லை. பின் வீட்டுப் பெண்ணிடம் சொல்லி, ஜன்னலோரம் ஙாப்பி வறுக்க வைத்தார். ஙாப்பி என்பது நாங்கள் தினமும் சாப்பிடுகிற மீன் விழுது. வறுத்தால் தெரு முழுக்க மணக்கும். சயாமா நடு அறையில் காற்று வரும் கிரில்லுக்கு நேர் கீழே நின்று, கண்ணாடியைக் கழற்றி, கண்ணை மூடி முகர்ந்தார்.

"ஒண்ணுமே வரலியே!" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். தாஸ் வெட்கப்பட்டுக்கொண்டு சுத்தியலைத் துடைத்தார்.

ஏழு எட்டு

கோடை வந்தது. ஒரு நாள் சயாமா போன் செய்தார்.

"ஸ்டெல்லா, பிள்ளைங்க தலைவலின்னு சொல்லுதுங்க. ஒருக்கா வந்து பாரேன், நோ?"

அந்த 'நோ' எங்கள் எல்லோருடைய தமிழிலும் ஒட்டிக்கொண்ட பர்மிய வால். சரிதானே, என்று கெஞ்சுகிற அர்த்தம். சயாமாவின் வாயில் அதை நான் அதிகம் கேட்டதில்லை. கெஞ்சுகிற ஆள் இல்லை அவர்.

மறுநாள் காலையில் போனேன். கரண்ட் இருந்தது. விசிறி சரியாக ஓடியது. பெட்டியைத் திறந்து வெள்ளை ஃபில்டரை வெளியே எடுத்தேன். லேசான சாம்பல் நிறத் தூசி, அவ்வளவுதான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அத்தனை சுத்தமான ஃபில்டரை நான் பார்த்ததில்லை. கிரில்லில் மூக்கை வைத்துப் பார்த்தேன். வாசனையும் இல்லை.

"காத்துல ஒரு குத்தமும் இல்ல சயாமா" என்றேன்.

நல்ல செய்தி சொன்னதாக நினைத்தேன். அவர் சமையலறை முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்ப குத்தம் எங்கிட்டதான்" என்றார்.

சில வாரங்களாக அவருக்குக் கணக்கு தப்பிக்கொண்டிருந்தது. பலகையில் ஏழு எட்டு ஐம்பத்து நாலு என்று எழுதியிருக்கிறார். ஒரு பெண் கையைத் தூக்கிச் சொல்லியிருக்கிறாள். அழித்துவிட்டு மறுபடி ஐம்பத்து நாலு என்றே எழுதியிருக்கிறார். வகுப்பே சிரித்தது. மூன்றாம் முறையும் அப்படியே எழுதியபோது யாரும் சிரிக்கவில்லையாம்.

"எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. முதல்ல பால் கணக்கு மறந்தது. அப்புறம் தெரு மறந்தது. அப்புறம் எங்களையே மறந்துட்டா."

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளக்கும் சின்னக் கருவியை வேலு அண்ணன் தினமும் ராத்திரி அவருக்கு மாட்டிப் பார்க்கிறாராம். மூச்செல்லாம் நன்றாக இருக்கிறது என்றே அது காட்டுகிறதாம். "ஒடம்பு நல்லாருக்குது, தலைதான் போவுது" என்றார் சயாமா. பெரிய வகுப்புப் பிள்ளைகளை வேறொருவரிடம் அனுப்பிவிட்டார். மீதி இருக்கிற சின்னப் பிள்ளைகளையும் நிறுத்தப் போகிறார்.

பிறகுதான் கமலாவைப் பற்றிச் சொன்னார்.

கமலா அவருடைய தங்கை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் த்வாண்டேவில் பானை வியாபாரம் செய்பவள். அம்மாவைக் கடைசிக் காலத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். அம்மா போன பிறகு அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. பல வருஷம் ஆகிவிட்டது.

"போன வாரம் ஒரு சாயங்காலம் நான் அவளுக்கு போன் போட்டிருக்கேன், ஸ்டெல்லா. எனக்கு ஞாபகமே இல்ல. 'அம்மாகிட்ட போனைக் குடு'ன்னு கேட்டிருக்கேன். அவ பேச முடியாம அழுதாளாம். நானும் அழுதேனாம். போனதெல்லாம் போகட்டும்னு சொன்னேனாம்."

"இப்ப?"

"வந்து என்னை த்வாண்டேவுக்கு அழைச்சிட்டுப் போறேங்கிறா. அம்மாவைப் பார்த்த மாதிரி பார்த்துக்கிறாளாம். போயிரலாம்னுதான் இருக்கேன்."

"ரெண்டு பேருக்கும் என்ன சண்டை சயாமா?"

அவர் நெற்றியைச் சுருக்கினார். யோசித்தார். கைவிட்டார்.

"ஏதோ சண்டை. பெருசா ஒண்ணும் இருக்காது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பல வருஷப் பகை எப்படி மறக்கும்? மறந்தால் நல்லதுதானே என்றும் தோன்றியது. வீட்டுக்கு வந்து தாஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குத் தெரிந்தது காற்று ஒன்றுதான். "சாயங்காலம் அத்தனை பிள்ளைங்க ஒரே அறையில உட்காருதுங்க. காத்து பத்தலையோ என்னவோ. டக்டைப் பெருசாக்கிப் பாக்கலாம்" என்றார். பெரிதாக்க வேண்டுமென்றால் மறுபடி அளக்க வேண்டும்.

அப்படித்தான் மறுநாள் சாயங்காலம், டியூஷன் நடக்கும் நேரத்தில், நான் அந்த ஏணியில் ஏறினேன்.

ஃபில்டரை உருவியபோது

தாஸ் என்னைக் கையைப் பிடித்து இறக்கினார். கால் தரையைத் தேடியது. வீட்டின் நீளம் முழுக்க நடத்திக்கொண்டுபோய் முன் பால்கனியில் உட்கார வைத்தார். காய்கறிக்காரரைக் கூப்பிட மணி கட்டித் தொங்கவிட்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருவில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. பதினான்கு என்ற எண் திரும்பி வந்தது. உள்ளே போயிருந்த என் புருஷனைக் கூப்பிடும் சொல்லும் வந்தது.

"என்னங்க!" என்று கத்தினேன். அவர் அதே நேரத்தில் உள்ளேயிருந்து கத்தினார்.

ஃபில்டர் பெட்டியைத் தாண்டிய டக்ட் வாயை நான் விட்ட இடத்திலிருந்து அளக்க அவர் ஏணியில் ஏறியிருக்கிறார். கை போக இடம் வேண்டுமென்று இரண்டு ஃபில்டரையும் உருவியிருக்கிறார். உருவியதும் பெட்ரோல் புகை நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. வெள்ளை ஃபில்டரைத் திரும்பச் செருகினார். நாற்றம் அப்படியே இருந்தது. கரி ஃபில்டரைச் செருகினார். நாற்றம் நின்றது. நம்ப முடியாமல் மறுபடி உருவினார். மறுபடி வந்தது.

"வாசனையைக் கரி தின்னுருச்சு. புகை எங்க போச்சு?" என்று பால்கனிக்கு ஓடிவந்து கேட்டார்.

புகை எங்கும் போகவில்லை. உள்ளேதான் வந்துகொண்டிருந்தது. ஜெனரேட்டர் புகையில் நிறமும் வாசனையும் இல்லாத ஒரு விஷவாயு உண்டு. மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓட்டித் தூக்கத்திலேயே போனவர்களைப் பற்றி இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும். அந்த வாயுவைக் கரி பிடிக்காது. மூக்கை எச்சரிக்கிற நாற்றத்தை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டு, விஷத்தை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் கீழ போங்க! புஸ்தகத்தை விடுங்க, போங்க!" தாஸ் பர்மியத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கத்தினார். பிள்ளைகள் செருப்பைத் தேடினார்கள். சயாமா சாக்பீஸோடு நின்றுகொண்டு, "இன்னும் மணி ஆகலியே" என்றார். நான் அவர் இடுப்பைப் பிடித்து நடத்திக்கொண்டு படி இறங்கினேன்.

இறங்குமுன் தாஸ் பின் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். சுவரோடு ஒரு புதுத் தகரக் குழாய் தரையிலிருந்து மேலே ஏறி வந்து, நாங்கள் போட்ட ஓட்டைக்குச் சற்றுக் கீழே வாயைத் திறந்துகொண்டு நின்றது. நாங்கள் வேலை செய்தபோது அந்தச் சுவரில் எதுவுமே இல்லை.

உருகும் ஐஸ்கிரீம்

கீழ்த்தளத்தில் கோ ஸோ என்ற பர்மியர் ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கிறார். 'கோ' என்றால் பர்மியத்தில் அண்ணன் மாதிரி. நாற்பது வயதுக்காரர், பயந்த சுபாவம். தாஸ் அவர் கடைக்குள் புகுந்து, "ஜெனரேட்டரை நிறுத்து!" என்று கத்தியதும் ஏன் என்றுகூடக் கேட்காமல் ஓடிப்போய் நிறுத்திவிட்டார். பிறகுதான் கேட்டார்.

தாஸ் சொல்லி முடிப்பதற்குள் அவர் பின் சந்துப் பக்கம் கையைக் காட்டினார்.

"புகை முகத்துல அடிக்குதுன்னு சந்துல இருக்கிறவங்க திட்டினாங்க. யாருக்கும் தொந்தரவு வேணாம்னுதான் மேல தூக்கி விட்டேன், கோ தாஸ். மேல விட்டா காத்தோட போயிடும்னு நெனச்சேன்."

தாஸ் சண்டை போடத்தான் போனார். இதைக் கேட்டதும் எதை வைத்துச் சண்டை போடுவது என்று தெரியாமல் நின்றார். கோ ஸோ நல்லது செய்ய நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். வாசனை வேண்டாம் என்று சயாமா கேட்டதிலும் தப்பில்லை. இப்போதும் இதை யோசித்துப் பார்க்கிறேன். யாரைத் திட்டுவது என்று எனக்கு விளங்கவே இல்லை.

ஜெனரேட்டர் நின்றதால் கடையில் எல்லாம் உருக ஆரம்பித்தது. கோ ஸோ அதைக் கிண்ணம் கிண்ணமாக எடுத்து, நடைபாதையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடம் கொடுத்தார். தலைவலியோடு அவர்கள் ஐஸ்கிரீம் தின்றார்கள். ஒருவன், "சயாமா, நாளைக்கும் இப்படி ஆகுமா?" என்று கேட்டான்.

போன் செய்ததும் வேலு அண்ணன் காரைக் கொண்டுவந்தார். பக்கத்து மருத்துவமனைக்குப் போனோம். பிள்ளைகளின் வீட்டாரும் வந்து சேர்ந்தார்கள். மருத்துவர் ஒவ்வொருவராகப் பரிசோதித்தார். பிள்ளைகள் சீக்கிரம் தேறினார்கள். சயாமாவுக்குத்தான் அதிக நேரம் ஆக்ஸிஜன் வைத்தார்கள். எத்தனையோ வாரங்களாக அவர்தான் சாயங்காலம் முழுக்க அங்கே இருந்திருக்கிறார்.

வேலு அண்ணன் சட்டைப் பையிலிருந்து விரல் கருவியை எடுத்து மருத்துவரிடம் காட்டினார். "இது நல்லாருக்குன்னு காட்டிச்சே டாக்டர்."

"ரத்தத்துல இந்த வாயு இருந்தாலும் அது ஆக்ஸிஜன்னுதான் காட்டும். அதுக்கு வித்தியாசம் தெரியாது" என்றார் மருத்துவர்.

சயாமா முகமூடிக்குள்ளிருந்து ஏதோ கேட்டார். மருத்துவர் குனிந்தார். "அப்ப எங்கம்மாவோட வியாதி எனக்கு இல்லையா?" என்று இரண்டாம் முறை கேட்டார்.

"இப்போதைக்கு இந்தக் காத்துதான் காரணம். ரெண்டு வாரம் போகட்டும், பாப்போம்."

அதற்கே அவர் அழுதார். கண்ணாடியும் முகமூடியும் சேர்ந்து பனித்துப்போயின.

ஞாபகம் வந்தது

கோ ஸோ அன்றிரவே குழாயைக் கழற்றினார். பிறகு மொட்டை மாடிக்கு மேலே போகும்படி நீளமாகப் போட்டார். நாங்கள் பின்சுவர் ஓட்டையைச் சிமெண்டால் அடைத்துவிட்டு, முன் பால்கனிப் பக்கமிருந்து புது டக்ட் ஓட்டத் தொடங்கினோம். சயாமா பால்கனிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு முன்னறையிலேயே இருந்தார்.

ஒரு நாள் போன் செய்து, "பதிமூணாம் வாய்ப்பாடு சொல்றேன், கேளு" என்றார். நிற்காமல் சொன்னார். சரியா என்று பார்க்க எனக்குத்தான் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து மறுபடி போன். குரல் வேறாக இருந்தது.

"ஞாபகம் வந்துருச்சு, ஸ்டெல்லா."

"எது?"

"கமலாகூட எதுக்குச் சண்டைன்னு."

அம்மா காலையில் இறந்திருக்கிறார். அன்று சாயங்காலமே கமலா எரித்துவிட்டாள். சயாமாவுக்கு மறுநாள்தான் சொல்லியனுப்பினாள். படகில் ஆற்றைக் கடந்தால் அரை நாளில் போய்ச் சேரக்கூடிய ஊர். இவர் போய் இறங்கியபோது வாசலில் தண்ணீர் தெளித்துக் காய்ந்துகூடப் போயிருந்தது.

"நான் மூத்தவ. எங்கம்மா முகத்தைப் பாக்க விடலை அவ. அதையா நான் பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு சொன்னேன்?"

"வர வேண்டாம்னு சொல்லிரலாமே சயாமா?"

"எப்படிச் சொல்ல? போனதெல்லாம் போகட்டும்னு நான்தானே சொன்னேன்? அழுதேனே?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "அது நானா ஸ்டெல்லா? இல்ல, அந்தப் புகை பேசிச்சா?"

ஏணியில் நின்று காரணமில்லாமல் சிரித்தவள் நானா என்று எனக்கே தெரியாதபோது அவருக்கு என்ன சொல்ல?

கமலா வந்த நாள்

கமலா வந்தபோது நாங்கள் கடைசி வேலையில் இருந்தோம். தாஸ் பால்கனியில் தகரத்துக்கு ரிவெட் அடித்துக்கொண்டிருந்தார். நான் நடு அறைத் தரையில் உட்கார்ந்து கேன்வாஸ் கழுத்துப்பட்டையின் கடைசி மூலையைக் கையால் தைத்துக்கொண்டிருந்தேன். வேலு அண்ணன் கதவைத் திறந்தார். அன்று அவர் காரை எடுக்கவில்லை.

நான்கு மாடி ஏறிய களைப்பில் கமலா வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்காவைவிட ஒடிசலானவள், வெயிலில் கறுத்தவள். தோளில் பெரிய பை. அக்காவைப் பார்த்ததும் பையை இறக்கிவிட்டு அருகில் வந்து, அவர் இரண்டு கையையும் பிடித்து, சின்னக் குழந்தையிடம் பேசுவது போல நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"அக்கா... நான் யாரு, சொல்லு பாப்போம்?"

சயாமா கையை உருவிக்கொண்டார்.

"கமலா. எனக்குச் சொல்லாம அம்மாவை எரிச்ச கமலா."

ரிவெட் சத்தம் நின்றது. நான் ஊசியைத் துணியில் குத்தியபடி வைத்துவிட்டேன். எழுந்து போகலாம் என்றால் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கமலா வேலு அண்ணனைப் பார்த்தாள். அவர் தடுமாறித் தடுமாறி ஜெனரேட்டர், குழாய், புகை எல்லாவற்றையும் சொன்னார். போனில் சொல்லியிருக்கலாம், எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றார். கமலா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"அப்ப அக்காவுக்கு அம்மாவோட வியாதி இல்லியா?"

"இல்லம்மா."

அவள் சிரித்தாள். சிரிப்பிலேயே கண்ணீர் வந்தது. "இல்லியா? நிஜமாவே இல்லியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. அக்காவைப் பார்த்தாள்.

"அப்ப, போனதெல்லாம் போகட்டும்னு சொன்னதும் இல்லியா?"

"ஏன் கமலா எனக்காகக் காத்திருக்கலை? ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரி" என்றார் சயாமா.

கமலா பெஞ்சில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் உட்காரும் தாழ்ந்த பெஞ்சு அது. முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மாவுக்குக் கடைசியில என்னைத் தெரியலக்கா. 'சரோஜா எங்க, சரோஜா எங்க'ன்னு ராவும் பகலும் கேட்டா. சாப்பாடு ஊட்டினா துப்பிட்டு உன்னைக் கேட்டா. ஒரு நா தாங்க முடியாம, 'நான்தாம்மா சரோஜா'ன்னு சொன்னேன். அன்னிக்குத்தான் சாப்பிட்டா. அப்புறம் தெனமும் நான் சரோஜாவாத்தான் இருந்தேன்."

"இதை நீ சொல்லவே இல்லியே."

"போற அன்னிக்குக் காலையில என்னைப் பாத்து, 'சரோஜா, கண்ணாடியைக் கழட்டிட்டுத் தூங்குடி'ன்னா. நான் கண்ணாடி போடறதில்லக்கா. ஆனா கழட்டற மாதிரி கையை மூஞ்சிகிட்ட கொண்டுபோனேன். சிரிச்சா. அதோட போயிட்டா."

கமலா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ வந்து, நான்தான் சரோஜான்னு அழுதா, அப்புறம் அங்க நான் யாரு? அந்த ஒரு நாளாவது அவ எனக்கு மட்டும் அம்மாவா இருக்கட்டும்னு நெனச்சேன். தப்புதான். அன்னிக்கே தெரியும் தப்புன்னு."

சயாமா எதிரே நின்றுகொண்டே இருந்தார். வேலு அண்ணன் ஏதோ சொல்ல வந்தார். சயாமா கையைக் காட்டி நிறுத்தினார். அந்த அறையில் அவர் கணக்குப் போடும்போது பிள்ளைகளை அடக்க அப்படித்தான் கையைக் காட்டுவார்.

"உன் பேரைச் சொல்லவே இல்லியா அவ?" என்று கேட்டார்.

கமலா இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"ஒருக்காகூட?"

"இல்லக்கா."

சயாமா பெஞ்சில், தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பெஞ்சு தாழ்வானது என்பதால் இருவருடைய முழங்காலும் நெஞ்சுக்கு நேரே வந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கமலா" என்றார்.

"ம்."

சற்றுப் பொறுத்து இன்னொரு முறை அந்தப் பெயரைச் சொன்னார். தங்கை மறுபடி "ம்" என்றாள். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. மன்னிப்பு மாதிரி அது கேட்கவில்லை. கோபம் மாதிரியும் கேட்கவில்லை.

அக்காவை அழைத்துப் போக வந்த கமலா அந்த வாரம் முழுக்க அங்கேயே இருந்தாள். இரண்டு பேரும் தினமும் சண்டை போடுகிறார்கள், ஐஸ்கிரீம் கடைவரைக்கும் கேட்கிறது என்று கோ ஸோ என்னிடம் கவலையோடு சொன்னார். என்ன செய்யலாம் என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம். போடட்டும்" என்றேன்.